அட்டைப்பெட்டியின் ஓட்டை வழியே

வேட்டைக்கென்று அப்பா வைத்திருந்த ரைபிள், அவருக்குப் பின் லைசென்ஸோடு எனக்கு வந்தது. கொஞ்ச நாளாகக் குண்டு குறியை விட்டு இடப்பக்கமே விலகிப் போனது. குழாயைச் சுத்தமாகத் துடைத்து, கட்டையோடு அதைப் பிடித்திருந்த திருகுகள் தளர்ந்திருந்ததைக் கண்டு இறுக்கினேன். இனிச் சுட்டுப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

ஆமத்தூர் பக்கம் என் தோட்டத்தை ஒட்டி ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்காது என்று நினைத்து, அந்தத் திசையிலேயே வரப்பின் மேல் அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துச் சுட்டேன். நட்டநடுவில் ஓட்டை. சந்தோஷமாகப் போய்க் குனிந்து, அதன் வழியாகப் பார்த்தேன். மருந்து கலக்கும் அறையின் சுவரும், முன்னால் பெண்கள் நிற்பதும் தெரிந்தன. தீபாவளி சீசனில் ஞாயிறும் வேலை உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

ரைபிளை மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டிய பிறகுதான் அங்கே ஓடினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெடிச் சத்தம் அவர்களுக்குப் புதிதல்ல. "எவனோ கல்ல விட்டெறிஞ்சிருக்கான் அண்ணாச்சி," என்று ஒரு பெண் சுவரைக் காட்டினார். கதவுக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் காரை பெயர்ந்திருந்தது. பழையபடி குண்டு இடப்பக்கம் விலகியிருந்தால் கதவுக்குள்தான் போயிருக்கும். கதவு திறந்திருந்தது. உள்ளே தட்டுத் தட்டாக மருந்து.

"நீங்க ஏன் இப்படி நடுங்குறீக? இங்கன உக்காருங்க, தண்ணி குடிங்க."

குடித்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாளே ரைபிளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். அந்தப் பெண்ணைக் கம்பெனி வேன் நிற்கும் இடத்தில் இப்போதும் பார்க்கிறேன். "ஒடம்பு தேவலையா அண்ணாச்சி?" என்று விசாரிப்பார். தலையை மட்டும் ஆட்டுவேன்.