பயாப்சிக்கு முன்னால் ஒரு டியூப் ரத்தம்

ரத்தம் எடுக்கிற தொழிலில் குத்துவது எளிது. குத்துவதற்கு முன் வந்தவர் எதைச் சாப்பிட்டார் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். ரிப்போர்ட்டுக்காக நகம் கடித்துக் காத்திருந்த உங்களுக்கு இது தெரியாததல்ல. சங்கரன்கோவிலில் நான் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புகிறவன்.

ஏழு மணி மாத்திரை

குருவிகுளம் ஜெபராஜ் அண்ணாச்சிக்கு அவர் மனைவி கிரேஸ் ஒரு சிறுநீரகம் கொடுத்து இரண்டு வருஷம். உடல் அதைத் தள்ளிவிடாமல் இருக்க இரண்டு வேளை மாத்திரை. மருந்தின் அளவு பார்க்க, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். காபிகூடக் குடிக்காமல் வந்தார். மாத்திரையை மட்டும் பஸ்ஸிலேயே போட்டிருந்தார். நாளைக்கு வாருங்கள் என்றேன்.

"பட்டினி கெடந்தா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா வே. ஏழு மணி மாத்திரை தப்புனா வீட்டுக்குள்ள விட மாட்டா."

யார் எவ்வளவு

மறுநாள் எடுத்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகத்தை உடல் தள்ள ஆரம்பித்துவிட்டதா? அதை அறிய, ஊசி விட்டுச் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்ப்பது பயாப்சி. அண்ணாச்சி இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மருந்தும் சாப்பிடுகிறவர். குத்தினால் ரத்தம் நிற்காமல் கசியும் என்று பயந்தார். மதுரை டாக்டர் முதலில் ஒரு புது ரத்தப் பரிசோதனை எழுதினார்.

என் மனைவி சிறுநீரகம் கெட்டுத்தான் இறந்தாள். அவள் ரிப்போர்ட்டுகளைப் புரிந்துகொள்ள அகராதியோடு உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. படித்ததை இருவருக்கும் சொன்னேன்: கொடுத்தவரின் சிறுநீரகம் அடிபட்டால் அதன் மரபணுத் துணுக்குகள் வாங்கியவரின் ரத்தத்தில் கூடும். கிரேஸ் கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அப்போ இவுக ரத்தத்துல நான் கொறைச்சலா இருந்தாத்தான் குடும்பம் வெளங்கும்னு சொல்லுதியளா, அண்ணாச்சி?"

ஐஸ்

இந்தப் பரிசோதனைக்கான டியூபைக் குளிரில் வைக்கக் கூடாது. டியூபோடு வந்த அட்டையில் எழுதியிருந்ததை நானே அவர்களுக்கு வாசித்தும் காட்டினேன். பிறகு இருபது வருஷத்துக் கை, ரத்தம் என்றதும் ஐஸ் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டது. செல்லாது என்று லேபிலிருந்து போன். நான்கு நாள் வீண். அந்த நான்கு நாளும் அவர் சிறுநீரகத்தின் நாட்கள்.

மறைக்கவில்லை. குருவிகுளம் போய் என் தப்பு என்று சொன்னேன். மறுபடி எடுத்து, துணிப்பையில் சுற்றி, வெயில் படாத ஓரமாக உட்கார்ந்து மதுரைக்கு நானே கொண்டுபோனேன். எடுக்கும்போது அவர் மறு கையை நீட்டிச் சொன்னது:

"மூஞ்சியத் தொங்கப் போடாதேரும். இந்தக் கையிலயும் ரத்தந்தான் ஓடுது, எடும் வே."

ரிப்போர்ட்

கிரேஸின் துணுக்குகளின் அளவு கூடுதலாக இருந்தது. பயாப்சி பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். இதயத்துக்கான அந்த மருந்தை நிறுத்தி, சில நாள் பொறுத்து, சதை எடுத்தார்கள். உடல் தள்ளத்தான் ஆரம்பித்திருந்தது. ஆரம்பத்திலேயே பிடிபட்டதால் சிகிச்சைக்கு அடங்கியது. சிறுநீரகம் இன்றும் வேலை செய்கிறது. ஆனால் பயாப்சிக்குப் போக வேண்டிய அன்று மதுரை பஸ் கிளம்பி உறுமியபோது அண்ணாச்சி ஏறவில்லை. அடுத்த வாரம் பார்ப்போமே என்றார். கிரேஸ் பையை அவர் கையில் திணித்தாள்.

"ஏறுங்க. உள்ள இருக்கது என் சாமான். அதுக்கு என்னன்னு பாக்காம நான் விடுததா இல்ல."

ஊசிக்குப் பயந்து செய்த பரிசோதனை ஊசிக்கே அனுப்பி ஆளைக் காப்பாற்றியது. அண்ணாச்சி இன்றுவரை முறைப்பதென்னவோ என்னைப் பார்த்துத்தான்.