ஒன்றாம் தேதியில் விழுந்த தைப்பூசம்

திருப்பூரில் பையர் என்றால் வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்க வருகிறவர். அவர் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மெர்ச்சண்டைசரான என் வேலையில் பாதி. அந்தத் தை மாதம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நார்வேயிலிருந்து ஹென்ரிக் வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு தூத்துக்குடிக்குப் போகும். அடுத்த சீசன் ஆர்டரும் அவர் கையில்தான். வந்த அன்றே, கடையெல்லாம் மூடிய ராத்திரியில், "நாளை வேலை முடிந்ததும் ஒரு ஜில் பீர் கிடைத்தால் நன்றாக இருக்கும்" என்றார்.

மறுநாள் தைப்பூசம். வள்ளலார் நினைவு நாள் என்பதால் அரசு மதுக்கடையும் ஹோட்டல் பாரும் மூடல். டெய்லர்களில் பாதிப் பேர் பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டதால் பேக்கிங் வேறு இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பேக்கிங் கவலை. முதலாளிக்குப் பீர் கவலை.

"ஏனுங்க தம்பி, கேட்டதே ஒரு பீருங்க. அதுகூட இல்லீன்னா பையர் என்ன நெனைப்பாரு?"

"இன்னைக்கு எங்கயும் கெடைக்காதுங்க சார்."

"பாலக்காட்டுல கெடைக்குமுங்க. நம்ம சட்டம் வாளையார் பார்டரோட முடிஞ்சு போச்சுங்க."

டிரைவர் செல்வத்தோடு கிளம்பினேன். திரும்பும்போது செக்போஸ்ட்டில் மாட்டினால் என்ன சொல்வது என்று போகும்போதே யோசித்துக்கொண்டு வந்தேன். யோசித்தது வீண். பாலக்காட்டுக் கடையிலும் பூட்டு.

"ஒண்ணாந் தேதியல்லே சாரே" என்று டீக்கடைக்காரர் சிரித்தார். சம்பளம் வாங்கிய கையோடு குடித்துவிடக் கூடாது என்று கேரளாவில் மாதத்தின் முதல் நாள் விற்பதில்லை. எங்கள் ஊரில் விசேஷம் பார்த்து மூடுகிறார்கள், அங்கே தேதி பார்த்து மூடுகிறார்கள். அந்த வருடம் இரண்டும் சேர்ந்து என் தலையில் விழுந்தது.

முதலாளி போனில், "வெறுங்கையோட வந்துராதீங்க" என்றார். பல்லடத்தில் ஒரு பெட்டிக்கடைக்குப் பின்பக்கம் போய் செல்வம் பிளாக்கில் இரண்டு பாட்டில் வாங்கி வந்தான்.

சாயங்காலம் ஹென்ரிக் பாட்டிலைத் தொடவில்லை. "இன்று கடை கிடையாது என்று ஹோட்டலில் சொன்னார்களே?"

"அவருக்காக எப்படியோ ஏற்பாடு பண்ணுனோம்னு சொல்லுங்க தம்பி" என்றார் முதலாளி பெருமையாக. நானும் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எங்கள் ஊரில் சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் கடையில் பீர் விற்க மாட்டார்கள். பிந்திப் போனால் திங்கட்கிழமைதான். நாங்கள் காத்திருப்போம்" என்றார் ஹென்ரிக். பிறகு என்னைப் பார்த்தே கேட்டார்: "என் பீருக்காக ஒரு சட்டத்தை மீறியவர்கள், என் ஆர்டருக்காக எத்தனை மீறினீர்கள்?"

மறுநாள் அவர் முதலில் கார்ட்டனைப் பிரிக்கவில்லை. சாயத் தண்ணீர் எங்கே போகிறது, ஓவர்டைம் எவ்வளவு, தொழிலாளிகளுக்கு என்ன வயது என்று துருவினார். சட்ட வரம்பைத் தாண்டிய ஓவர்டைமில் மாட்டினோம். கடைசியில் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஓவர்டைமைச் சரிசெய்து காட்டும்வரை அடுத்த ஆர்டர் கிடையாது என்றார். ஒரு சீசன் முழுக்க மெஷின்கள் பாதி சும்மா கிடந்தன.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பையரிடம் "இன்று கிடைக்காது" என்று சொல்லப் பழகுங்கள். அப்போதுதான் "கிடைக்கும்" என்று நீங்கள் சொல்வதை அவர் நம்புவார்.

ஹென்ரிக் மறுபடி வந்தபோது முதலாளி என் காதோரம் குனிந்தார். "எளநி குடிப்பாரான்னு கேளுங்க தம்பி. அதுக்கு எந்த ஊர்லயும் லீவு இல்லீங்க."