தாயத்தைக் கழற்றியவளுக்கு நிதி இல்லை

பீடத்துச் சாமியின் பெயரைச் சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிவகாசி அச்சகத்தில் அவர் படம் போட்ட காலண்டரை நானே அடித்திருக்கிறேன். மை காய்வதற்குள் கும்பிட்டும் இருக்கிறேன்.

என் அக்கா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை பார்த்தாள். சனிக்கிழமை சம்பளம். போர்மேன் பணம் கொடுக்கிற மேஜைக்குப் பக்கத்திலேயே பீடத்து ஆள் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பான். விபத்துக் காப்பு நிதி என்று அதற்குப் பெயர். பணம் கட்டுகிறவர்களுக்குச் சாமி மந்திரித்த இரும்புத் தாயத்து உண்டு. அதைக் கட்டியவர்களை நெருப்பு அண்டாதாம். தப்பித் தவறி அண்டினால் வைத்தியச் செலவு பீடத்தின் பொறுப்பாம். கைமாற்று வாங்கியாவது கட்டிவிடுவாள் அக்கா.

மருந்து அறைக்குள் உலோகம் ஆகாது. உரசினால் பொறி பறக்கும். அதனால் வளையல், கொலுசு, தாயத்து எல்லாவற்றையும் பெண்கள் வாசலில் ஒரு தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மஞ்சள் பைக்காரன் வாராவாரம் அந்தத் தட்டைத் தாண்டித்தான் வந்து போனான். அவனுக்கும் தெரியும், அவனை அனுப்பியவர்களுக்கும் தெரியும்.

போன சீசனில் அக்காவின் அறை வெடித்தது. உயிர் தப்பியது, கைவிரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஆபரேஷன் செய்து பிரித்தால் தன் கையால் சோறு தின்னலாம், தள்ளிப்போடாதீர்கள் என்றார் மதுரை டாக்டர். கம்பெனி கொடுத்தது ஆஸ்பத்திரிக்கே சரியாகிவிட்டது. நம்பிக்கையோடு பீடத்துக்குப் போனேன். புதிதாக மார்பிள் போட்ட மண்டபம், நடக்கவே கூச்சமாக இருந்தது.

செயலாளர் ஒரே கேள்விதான் கேட்டார். "வெடிச்ச நேரத்துல தாயத்து எங்க இருந்துச்சு?"

"வாசல் தட்டுல."

"பாத்தீகளா? சாமி கொடுத்த காப்பைக் கழட்டிட்டுப் போனவகளுக்கு நிதி கிடையாது."

நான் குரலை உயர்த்தினேன். "எல்லாரும்தான கழட்டுறாக! போட்டுக்கிட்டுப் போனா ஒருத்தரும் மிஞ்ச மாட்டாக. அப்ப இந்த நிதி யாருக்கு? இம்புட்டு வருசமா வாங்குன பணம் எங்க?"

"சாமிகிட்டயே கணக்குக் கேக்கீகளா?" என்று எழுந்துவிட்டார்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான், அது ஊர் அறிந்ததுதான். இவர்கள் கூட்டையே விழுங்கிவிட்டு, கொட்டு வாங்கியவள் மேல் குற்றம் சொல்கிறார்கள். சொன்னதோடு விடவில்லை. அடுத்த பூஜையில் மைக் பிடித்து, தாயத்தைக் கழற்றியவளுக்கு என்ன நடந்தது பாருங்கள் என்று பிரசங்கமே செய்துவிட்டார்கள். அக்காவின் ஆபரேஷன் அப்படியே நிற்கிறது.

இதைச் சொல்லி வீட்டில் நான் கத்தினால் அக்கா தடுக்கிறாள். "ஏலே, சாமியை வையாத. நான்தான் கழட்டாமப் போயிருக்கணும்."

போன வாரம் அவளோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி பார்க்க வந்தாள். அக்காவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, நான் பக்கத்து அறையில் இருப்பது தெரியாமல், மெதுவாகச் சொன்னாள்.

"இப்பல்லாம் நாங்க தாயத்தை வாசல்ல வைக்கிறதில்ல மதினி. கொண்டைக்குள்ள சொருகிக்கிட்டு மருந்து அறைக்குப் போயிருறோம்."

"அதுதான் நல்லது," என்றாள் அக்கா.