வீட்டுக்கு ஒரு பிடி

வெள்ளத்தில் வீடு மூழ்கி நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். மூன்றாம் நாள் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. வயல் பக்கத்தில் கிறிஸ்தவர்களின் சின்ன வேதக்கோயிலில் மணி அடிக்கிறவர் ஒரு மூட்டை அரிசியைச் சைக்கிளில் உருட்டி வந்தார். மெலிந்த ஆள், காலில் செருப்பில்லை.

“சமைச்சுக் கொண்டுவரல்ல தம்பி. நாங்க வேற சமயம், நீங்களே ஆக்கினாத்தான் உங்களுக்கு மனசுக்குச் சரி,” என்றார்.

சிவப்பும் வெள்ளையுமாய் அரிசி கலந்து கிடந்தது.

“என்னண்ணன் இது?”

“உலை வைக்கக்குள்ள வீட்டுக்கு ஒரு புடி கோயிலுக்கு எடுத்து வைப்பம், அது சேர்ந்ததுதான். வேகாதது கடிபட்டா அது எங்கட வீட்டுது, ஏசிராதீங்க.”

சிரித்துவிட்டுச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனார்.

பிள்ளைகள் வயிறு நிறையத் தின்றார்கள். எனக்கு ஒரு வேகாத அரிசி கடிபட்டது. நான் துப்பவில்லை.

இப்போது வீட்டில் ஒரே அரிசிதான், நன்றாக வேகிறது. சில நாள் சோற்றில் அவர் வீட்டு அரிசியைத் தேடுகிறேன்.