இரண்டு டாக்டர்களையும் பேச வைத்த தேவன்

மாதம் ஒரு முறை என் வீட்டுக்காரர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த ஒரு வேலை இரண்டு வருடத்தில் என்னைக் கிழவியாக்கிவிட்டது.

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். எனக்குத் திட்ட வரும் அளவுக்கு சாட்சி சொல்ல வராது. ஆனாலும் கர்த்தர் செய்ததை மூடி வைத்தால் மனசு உறுத்துகிறது.

என் வீட்டுக்காரர் இஸ்ரவேல் பழவேற்காடு ஏரியில் நண்டு வலை போடுகிறவர். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு இதய வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் சின்னக் காயத்திலும் ரத்தம் நிற்காது. எவ்வளவு கொடுப்பது என்பதை மாதாமாதம் ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சென்னை டாக்டர், “ஒவ்வொரு தடவையும் இங்க வரவேணாம், பக்கத்துலயே பாத்துக்குங்க” என்றார். பொன்னேரி டாக்டர், “ஆபரேஷன் பண்ணவங்கள கேக்காம நான் மாத்த முடியாதும்மா” என்றார். ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனால், வெளி லேப் ரிப்போர்ட்டில் சீல் இல்லை என்பார்கள். சீல் வாங்கிக்கொண்டு போனால் டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். செவ்வாய்க்கிழமை போனால் ரிப்போர்ட் பழசாகிவிட்டது, மறுபடி எடு. குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ, பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து ரயில். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் முழுதாகப் போய்விடும்.

ஒரு தடவை பொன்னேரி லேபில் அவர் பெயரை ‘சக்திவேல்’ என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். சென்னை கவுன்டரில், “இது யாரு?” என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் லேபில் நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“இன்னாமா, கண்ணு தெரியலையா? இஸ்ரவேலு! இஸ்ரவேலுனு எத்தினி தபா சொல்றது? நீ பேர மாத்தினா அவரு உசுருக்கு யாரு பதில் சொல்வா?”

அங்கே வேலை செய்யும் சுமதிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணில் தண்ணீர் நின்றது. திருத்திய ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லி என் நம்பரைக் குறித்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஞாயிறு சபையில் திருவிருந்து எடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

போன நவம்பரில் எடுத்த ரத்தத்தில் மருந்து வேலை செய்யும் அளவு குறைவு என்று வந்தது. பொன்னேரி டாக்டர் பயந்து, “இப்ப சாப்பிடறதோட அரை மாத்திரை சேத்துக்குங்க, சென்னையிலயும் காட்டிடுங்க” என்றார். நான்கு நாள் கழித்து சென்னையில் காட்டினேன். அங்கே புதிதாக இருந்த சின்ன டாக்டரும், “சாப்பிடறதோட அரை சேத்துக்குங்க” என்றார். அதையும் சேர்த்தேன். இரண்டு பேரும் ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரே அரையைத்தான் சொன்னார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. ஏற்கெனவே கூட்டியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அன்று திரும்பும்போது ரயிலில் நிற்கத்தான் இடம். அனுப்பம்பட்டில் ஒரு சீட் காலியானது, அடுத்த ஸ்டேஷன் பொன்னேரி. உட்கார்ந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ஜெபம் பண்ணினேன். “ஆண்டவரே, அற்புத சுகம் கேட்க எனக்குத் தெம்பில்லை. இந்த ரெண்டு டாக்டரையும் ஒரே ஒரு தடவை பேசிக்க வையும், போதும்.” அழுகைகூட வரவில்லை.

இரண்டு வாரத்தில் அவருக்குப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். “பிரஷ் புதுசு” என்றார். மறுநாள் காலையில் பொன்னேரி லேபில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு மத்தியானம் ஏரிக்குப் போய்விட்டார். நான்கு மணிக்கு எனக்கு போன்.

“அக்கா, லேபுல இருந்து சுமதி. இஸ்ரவேல் சார் போன் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. அளவு ரொம்ப ஏறியிருக்குக்கா. மாத்திரை போடாதீங்க. எங்கயும் அடி படாம உடனே கூட்டினு வாங்க.”

அடி படாமல்! நண்டு வலையில் கை வைத்திருக்கிற மனுஷன். போனைத் தண்ணீரில் போட்டுவிடுவோமென்று வீட்டிலேயே அணைத்து வைத்துவிட்டுப் போகிறவர். கரைக்கு ஓடினேன். “இயேசப்பா” என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டுத் தேசப்பன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. நான் பாதி சொல்லும்போதே படகை எடுத்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் வந்தார்கள். கட்டை விரலில் நண்டு கவ்வியிருந்தது. சுற்றியிருந்த துண்டு முழுக்க ரத்தம். “இன்னாடி, நண்டு கடிச்சதுக்கா ஆள் அனுப்பின?” என்று சிரித்தார். முகம் வெளுத்திருந்தது. மிச்ச வலையையும் தூக்கிவிட்டுத்தான் வருவதாக இருந்தாராம்.

பொன்னேரியில் சுமதி முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் டாக்டர் காத்திருந்தார். ஊசி போட்டுவிட்டு, அங்கே நின்றபடியே சென்னைக்கு போன் போட்டார். “நீங்க அரை கூட்டினீங்களா? நானும் கூட்டினேனே!” என்றார். என் காதால் கேட்டேன். நாலைந்து நிமிஷம் பேசியிருப்பார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூன்றாம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தாமதமாகியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டரே சொன்னார்.

பிறகு நண்டு வறுவல் செய்து எடுத்துக்கொண்டு சுமதியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ பேர் வருகிற இடத்தில் எங்களை எப்படி ஞாபகம் வைத்திருந்தாய் என்றேன்.

“உங்கள மறக்க முடியுமாக்கா? அந்தப் பேரைப் பாத்தாலே நீங்க போட்ட சத்தம்தான் காதுல கேக்கும். அதான் ரிப்போர்ட்ட ரெண்டு தபா பாத்தேன்” என்று போனைக் காட்டினாள். என் நம்பரை ‘இஸ்ரவேல் சண்டை அக்கா’ என்று பதிந்து வைத்திருந்தாள். சிரிப்பதா, தலை குனிவதா என்று தெரியவில்லை. என் கெட்ட வாயைக்கூடக் கர்த்தர் வீணாக்கவில்லை.

பிரியமானவர்களே, அலைச்சல் இன்னும் தீரவில்லை. இப்போது ஒரே நோட்டில் இரண்டு டாக்டர்களும் எழுதுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என் சத்தம் குறைந்திருக்கிறது, நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். கேட்க வெட்கமாக இருக்கிற சின்னக் காரியத்தையும் அவரிடம் கேளுங்கள். களைத்துப் போய்க் கேட்டாலும் கேட்பார். வருகிற வாரம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். சுமதி பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைப் போல் எத்தனை பேர் தினமும் அந்தப் பிள்ளையிடம் கத்திவிட்டுப் போகிறார்களோ.