ஐந்தரை மணி ஜீப்பும் பத்து மணி ஆபீசும்: போடியில் நான்கு நாள்

போடிநாயக்கனூரில் தொழில் தெரிந்த ஆள் இல்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து அந்த ஊர் ஜீப் ஸ்டாண்டை ஒருமுறை பார்த்த யாருக்கும் இது தெரியும். பார்க்காதவர்கள்தான் அறிக்கை எழுதுகிறார்கள்.

நான் பார்த்தேன். செப்டம்பர் கடைசி வாரம், திங்கள் முதல் வியாழன் வரை. மலை பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை இருந்தது, உண்மைதான். ஆனால் கிளம்ப வைத்தது ஒரு போன். கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த பாண்டீசுவரி கோயமுத்தூரிலிருந்து பேசினாள். "எங்க அக்காவுக்குப் புதன்கெழம டெஸ்ட்டுடி. எனக்கு லீவு இல்ல. நீதான் வேலைய விட்டுட்டுச் சும்மா இருக்கியே, கூடப் போயிட்டு வா." பாராட்டா திட்டா என்று யோசிக்காமல் பையைக் கட்டினேன்.

அக்காவின் பெயர் பேச்சியம்மாள். முப்பத்திரண்டு வயது. சிலமலையில் வீடு. ஒன்பது வருடமாகத் தினமும் ஜீப்பில் மலையேறிக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பயிற்சி மையம் ஒன்று வந்திருக்கிறது. தேர்வில் தேறினால் நாற்பத்தைந்து நாள் பயிற்சி, பிறகு ஊருக்குள்ளேயே ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. வேலை இரண்டு வகை. ‘தரம் பிரிப்பாளர்’ என்றால் நல்ல சம்பளம். ‘உதவியாளர்’ என்றால் மலைக் கூலியைவிடக் குறைவு. உதவியாளராகப் போட்டால் அக்காவுக்குக் கட்டுப்படியாகாது, மறுபடி ஜீப்புதான்.

மதுரையிலிருந்து போடிக்கு ரயிலில் போங்கள். தொண்ணூறு கிலோமீட்டர், காலை எட்டே காலுக்கு ஏறினால் பத்தரைக்கு இறங்கலாம். எனக்கு டிக்கெட் 45 ரூபாய் ஆனது. இடது பக்க ஜன்னல், வலது பக்க ஜன்னல் என்று சண்டை வேண்டாம். தேனி தாண்டியதும் மலை எல்லாப் பக்கமும் வந்துவிடும்.

ஸ்டேஷனிலிருந்து நடந்தேன். ஏலக்காய்க் கிடங்குகள் இருக்கிற தெருவில் நுழைந்ததும் வாசனை முகத்தில் அடிக்கிறது. ஊரே பாயசத்துக்குத் தயாராகிற மாதிரி இருந்தது. ஒரு டீக்கடையில் உட்கார்ந்து குடித்துப் பார்த்தால் டீயில் ஏலக்காய் இல்லை.

"ஏண்ணே, ஏலக்காய் ஊருல ஏலக்காய் டீ இல்லையா?"

மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. "அது வெளியூர்க்காரவுக குடிக்கிறது ஆத்தா. நமக்கு இஞ்சிதேன். பன்னண்டு ரூவா."

போடியின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சிலமலைக்கு டவுன் பஸ்சில் எட்டு கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அக்கா வீட்டுக்கு வந்தபோது மாலை ஏழு. முழங்காலுக்குக் கீழே மண். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "நாளைக்கு மலைக்கு வர்றியா, இல்ல தூங்கப் போறியா?" என்பதுதான். எதற்காகக் கீழே வேலை வேண்டும் என்று நான் கேட்டேன். முட்டி வலி, மகளின் படிப்பு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"பகல்ல போடி எப்படி இருக்கும்னு ஞாயித்துக்கெழம மட்டுந்தேன் தெரியும். மத்த நாள்ல கட தொறக்குறதுக்கு முந்தி போறேன், மூடையில வர்றேன். ஒரு புதங்கெழம மத்தியானம் சும்மா கடவீதியில நடந்து போகணும். அம்புட்டுதேன்."

செவ்வாய் காலை ஐந்தரைக்கு ஜீப் ஸ்டாண்ட். இருட்டில் வரிசையாக ஜீப்புகள், தூக்குச்சட்டிகள், ரப்பர் பூட்ஸ், சிரிப்பு. எங்கள் ஜீப்பில் டிரைவரோடு பதினைந்து பேர். அது ஏற்ற வேண்டிய அளவைவிட அதிகம் என்பது ஏறுகிறவர்களுக்கும் தெரியும், வழியில் நிறுத்துகிறவர்களுக்கும் தெரியும். மலைக்குச் செல்லும் பெண்களுக்கென்று அந்த நேரத்தில் ஒரு பஸ் விட்டால் என்ன கெட்டுவிடும் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

நான் ஏறிக் கதவோரம் உட்கார்ந்தேன்.

"எந்திரி ஆத்தா," என்றார் எதிர் பெஞ்சில் கதவோரம் இருந்த ஒச்சம்மா. ஜீப்பில் மூத்தவர் அவர்தான். "அது பேச்சி எடம்."

இந்த ஜீப்பில் இடம் ஏறும் வரிசையில் கிடைப்பதில்லை. எத்தனை வருடம் வருகிறீர்களோ அதைப் பொறுத்துக் கதவை நோக்கி நகர்வீர்கள். புதிதாக வருபவர் கடைசியில் டூல் பெட்டிமேல். யாராவது வேலையை விட்டு நின்றுவிட்டால் எல்லோரும் ஓரிடம் தள்ளி உட்காருவார்கள். ஒன்பதாம் வருடத்தில் அக்காவுக்குக் கதவோரம் கிடைத்திருக்கிறது. நான் டூல் பெட்டிமேல் உட்கார்ந்தேன். என் அனுபவத்துக்கு அது சரியான இடம்தான்.

"நாளைக்கு இவ டெஸ்ட்டு எழுதப் போறால்ல, கதவோரம் யாருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இன்னும் பாஸே பண்ணல, அதுக்குள்ள சீட்டுக்கு அடி போடுறா பாரு," என்றார் ஒச்சம்மா. "பேச்சி, எடத்த விட்டுறாத!"

டிரைவர் தங்கவேல் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "கத்தாம வாங்க ஆத்தா. வளவு வருது."

கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. எண் எழுதிய பலகைகள் உண்டு. வாந்தி வருகிறவர்கள் எண்ணாதீர்கள். எண்ணினால் பத்தாவதில் வரும். ஏறக்குறைய இருபத்தாறு கிலோமீட்டர் ஏறி ஆறு நாற்பதுக்குப் போடிமெட்டு. கீழே போடி பனிக்குள் கிடந்தது. குளிரில் பல் தந்தியடித்தது. டீ பதினைந்து ரூபாய், இங்கேயும் இஞ்சி. செக்போஸ்ட் தாண்டினால் கேரளம். அங்கிருந்து இருபத்தைந்து நிமிடத்தில் தோட்டம்.

ஏலக்காய் மரத்தில் காய்க்கும் என்று நினைத்திருந்தீர்களா? நானும்தான். ஆளுயரச் செடியின் அடியில், தரையோடு தரையாகச் சரங்களில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்து பறிக்க வேண்டும். ஒரே சரத்தில் முற்றியதும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். இரண்டும் ஒரே பச்சை. அக்கா பார்க்கக்கூட இல்லை, விரல் தானாகத் தேர்ந்தெடுத்தது. நான் அரை மணி நேரத்தில் ஒரு கை நிறையப் பறித்துக் காட்டினேன். மேஸ்திரி மலையாளி. பார்த்துவிட்டு, "பிஞ்சு வேண்டா கேட்டோ," என்று சொல்லி, என்னை மரியாதையோடு ஒரு கல்லின்மேல் உட்கார வைத்தார். காலில் மூன்று அட்டைகள். அக்கா மூக்குப்பொடி தடவி எடுத்துவிட்டார்.

மதியம் ஒரு விஷயம் நடந்தது. காயை உலர்த்தும் கட்டடத்துக்கு, அதை ஸ்டோர் என்கிறார்கள், அக்காவைக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் அடுக்கிய காய் காய்ந்துவிட்டதா என்று சொல்ல வேண்டுமாம். அக்கா ஒரு பிடி எடுத்துக் காதருகே குலுக்கினார். இன்னொரு தட்டிலிருந்து ஒரு பிடி. "இது எடுக்கலாம். அது இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கட்டும்." மேஸ்திரி மறுபேச்சு பேசாமல் ஒரு தட்டை எடுக்கச் சொல்லி, மற்றதை விட்டார். நன்றாகக் காய்ந்த காயில் விதை உள்ளே ஆடும், சத்தம் வரும். ஈரம் இருந்தால் ஊமை. ஈரக்காய் நாலு சேர்ந்தால் மூட்டையே பூஞ்சை பிடிக்கும்.

அந்த நேரம் பார்த்து அக்கா கேட்டார், "ஒம்போது வருசம் இங்கன வேல பாத்தேன்னு ஒரு லெட்டர் தருவீகளா?"

மேஸ்திரி சிரித்தார். நல்ல மனிதர்தான். "நாள்கூலிக்கு லெட்டர் கொடுக்குற வழக்கம் இல்ல சேச்சி."

ஒரு மூட்டைக் காயை நம்பி ஒப்படைக்கலாம். ஒரு தாள் தர முடியாது.

புதன்கிழமை பத்து மணிக்குப் பயிற்சி மையம். புது பெயிண்ட், மின்விசிறி, கம்ப்யூட்டர். வகுப்பு நேரம் சுவரில் இருந்தது: திங்கள் முதல் வெள்ளி, காலை 9.30 முதல் 4.30. ஏலக்காய் பறிப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில், ஏலக்காய் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் மலையில் இருக்கும் நேரத்தில் வகுப்பு. பிறகு ஆள் வரவில்லை என்று அறிக்கை. இந்த நேரத்தை யோசித்தவரைக் கண்டால் டூல் பெட்டிமேல் உட்கார வைப்பேன்.

எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பயிற்சி கொடுக்கும் சார் முப்பத்தைந்து வயது இருப்பார், சிரித்த முகம், எல்லோருக்கும் டீ சொன்னார். ஆளுக்கொரு தட்டு ஏலக்காய். பதினைந்து நிமிடத்தில் மூன்று கிண்ணத்தில் பிரிக்க வேண்டும்: முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு. எந்தத் தட்டில் எத்தனை கழிவு என்பது சாரின் தாளில் இருக்கிறது.

அக்கா பத்து நிமிடத்தில் முடித்தார். ஆனால் கிண்ணத்துக்கு வெளியே, மேசைமேல் நாலாவதாக ஒரு குவியல். தட்டிலேயே பெரிய, பளபளவென்று பச்சையான காய்கள் அவை.

சார் தாளைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். "இதெல்லாம் முதல் தரம்மா. ஏன் வெளிய தள்ளினீங்க?"

"ஈரம் சார்."

"பார்த்தா அப்படித் தெரியலையே."

"பாத்தா எப்பிடித் தெரியும்? கேக்கணும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எழுந்தேன். அக்கா திரும்பாமலே, "நீ செத்த சும்மா இரு ஆத்தா," என்றார். பிறகு சாரிடம், "பக்கத்து ரூம்புல ஈரம் பாக்குற மிசின் இருக்குல்ல? வெரசா போட்டுப் பாத்துருங்க. நான் தப்புன்னா இப்பவே கெளம்பிருவேன், நாளக்கிச் சோலி கெடக்கு."

சார் போட்டார். ஈரம் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் போகக்கூடாது என்றார். மிஷின் பதினாறு காட்டியது. அக்கா வைத்த முதல் தரத்தையும் போட்டார். பத்து. சார் சத்தமாகச் சிரித்துவிட்டார். "நான் கலரைப் பார்த்துத் தட்டு நெரப்பினேன்மா," என்று ஒப்புக்கொண்டு, பெருக்கல் குறியை அடித்தார். அதோடு நிற்கவில்லை. மற்ற எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். காதருகே குலுக்குவது எப்படி என்று அக்கா காட்ட, சாரும் கடைசியில் நின்று குலுக்கினார். "சார், காத இன்னும் கிட்டக்க கொண்டாங்க," என்றார் அக்கா. அரை மணி நேரம் அந்த மையத்தில் உண்மையான பயிற்சி நடந்தது.

பிறகு விண்ணப்பம். கம்ப்யூட்டரில் ‘முன் அனுபவம்’ என்று ஒரு கட்டம். கடிதம் இணைத்தால்தான் அது வருட எண்ணிக்கையை ஏற்கும். கடிதம் இல்லை. சார் சங்கடத்தோடு ‘இல்லை’ என்று தட்டினார். அக்கா தேறிவிட்டார். ஆனால் அனுபவம் ‘இல்லை’ என்பதால் ‘உதவியாளர்’ என்று அச்சாகி வந்தது.

வெளியே வந்தோம். மணி ஒன்று. புதன்கிழமை மத்தியானம். அக்கா கடைவீதியில் நடந்தார். வளையல் பார்த்தார், ஜிகர்தண்டா வாங்கித் தந்தார், ஒரு பாத்திரக்கடையில் எதையும் வாங்காமல் கால் மணி நேரம் பேரம் பேசினார். "நல்லாத்தேன் இருக்கு," என்றார்.

மாலை ஆறரைக்கு ஜீப் இறங்கியதும் ஸ்டாண்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கதவோரம் உட்கார்ந்து வந்த ஒச்சம்மாதான் முதலில் கத்தினார். "இல்லயாமா? ஒம்போது வருசம் நாங்க யாரு மடியில இடிச்சுக்கிட்டு வந்தோம்?" தங்கவேல் அண்ணன் பானெட்டின்மேல் ஒரு தாளை விரித்தார். "நான் எழுதுறேன். ஏத்தி எறக்குனவன் நாந்தேன்." பேச்சியம்மாள் ஒன்பது வருடம் இந்த ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு வந்தது உண்மை என்று எழுதி, தன் லைசென்ஸ் எண்ணையும் போட்டார். கீழே பன்னிரண்டு பெண்கள் கையெழுத்து. ஒச்சம்மா கடைசியாகப் போட்டுவிட்டு, "இம்புட்டுச் சாட்சிக்கு ஒரு கல்யாணமே பண்ணி வைக்கலாம்," என்றார். ஸ்டாண்டே சிரித்தது.

அக்காவால் இன்னொரு நாள் கூலியை விட முடியாது. ஆபீஸ் திறப்பது பத்து மணி. ஜீப் கிளம்புவது ஐந்தரை. இந்த இரண்டும் சந்திப்பதே இல்லை. அதனால் தாள் என் கைக்கு வந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. போடிமெட்டுக்கு பஸ்சில் போங்கள். தொழிலாளர் ஜீப்பில் இடம் கேட்காதீர்கள், அங்கே ஒவ்வொரு அங்குலமும் யாரோ சம்பாதித்தது. ஸ்வெட்டர் கட்டாயம். ஏலக்காய் வாங்கினால் பச்சைக்கு மயங்காமல் காதருகே குலுக்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. மதுரைக்குத் திரும்பும் ரயில் மாலை ஆறுக்குச் சற்று முன்னால். ஊரை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போகிறவர் யாராவது இதைப் படித்தால், முதல் நாள் ஐந்தரைக்கு ஸ்டாண்டுக்குப் போங்கள். நீங்கள் தேடுகிற ஆட்கள் அங்கே தூக்குச்சட்டியோடு நிற்கிறார்கள்.

வியாழன் பத்து மணிக்கு நான் தாளைக் கொடுத்தேன். சார் முழுவதும் படித்தார். ஒச்சம்மாவின் கையெழுத்து வரை படித்தார். "லெட்டர்ஹெட் இல்லையேம்மா," என்றார், மெதுவாக. கம்ப்யூட்டரில் அக்காவின் விண்ணப்பப் பக்கம் திறந்தே இருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க, தாளின்மேல் அந்த ஈரம் பார்க்கும் மிஷினைத் தூக்கி வைத்தார். அக்கா சொல்லி அனுப்பியதை நான் சொன்னேன்:

"மிசின் சொன்னா நம்புனீகள்ல, சார்? பதிமூணு பேரு சொல்றாக. ‘இல்லை’ங்கிறத அழிச்சிட்டு ஒம்போதுன்னு எழுதுங்க."