மதுரைச் சிங்கமும் குதைபியா சாக்கடை மூடியும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு இணையக் குழு இருந்ததாம். அதிலே இருநூறு பேர் இருந்தார்களாம். ஒருத்தருக்கும் சொந்தப் பேர் கிடையாதாம். ஊர், பஹ்ரைனில் குதைபியா. கதை சொல்கிற நான் அந்தக் குழுவின் மட்டுறுத்துநர். 'ம்' கொட்டிக்கொண்டே கேளுங்கள்.

மட்டுறுத்துநர் என்பது சம்பளமில்லாத உத்தியோகம். வசவு மட்டும் நாள் தவறாமல் வந்துவிடும். பகலில் ஒரு டைப்பிங் சென்டரில் விசா விண்ணப்பம் தட்டுவேன். இடையிடையே குழுவுக்கு வரும் மடல்களைப் படித்து, சண்டையை நீக்கி, மிச்சத்தை உள்ளே விடுவேன். நீங்களும் இதைச் செய்தவர் என்றால், இனி வருவதில் பாதி உங்கள் வீட்டில் நடந்ததாகவே இருக்கும்.

நாற்பது வருத்தங்கள்

திருச்சிக்காரரான ராஜேஸ்வரி அக்கா ஒருநாள் குழுவில் எழுதினார். அவர்கள் சந்தில் சாக்கடைக் குழியின் இரும்பு மூடி உடைந்துவிட்டது. யாரோ ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு மூடியிருக்கிறார்கள். ஈசா டவுன் பள்ளிக்கூட வேனுக்குப் பிள்ளைகள் காத்து நிற்பது அதன் பக்கத்தில்தான். அன்று காலை பலகை பிளந்து, அவர் மகனுடைய கால் முட்டிவரை உள்ளே போய்விட்டது. சிராய்ப்போடு தப்பினான்.

சாயங்காலத்துக்குள் நாற்பது பதில்கள். எல்லாரும் வருந்தினார்கள், கண்டித்தார்கள், வழிமொழிந்தார்கள். ஒருவர் சென்னைச் சாக்கடைகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதினார். எல்லாவற்றிலும் காரமாக எழுதியவர் 'மதுரைச் சிங்கம்'. "இனியும் பொறுக்க முடியாது, திரண்டு எழுவோம்" என்றிருந்தது அவர் மடல். எல்லாப் பதில்களையும் அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி. இதுல யாராவது அந்தப் பலகையை வந்து பாத்தாங்களா?"

சிங்கம் யார்?

நகராட்சிக்கு ஒரு மனு தட்டினேன். கீழே பேர் போட வேண்டுமே? குழுப் பட்டியலில் இருந்தபடியே ஆங்கிலத்தில் அடித்துவிட்டேன். தினமும் பார்த்துப் பழகிய பேர்கள், எனக்கு வித்தியாசமாகத் தோன்றவே இல்லை.

நகராட்சி கவுன்ட்டரில் இருந்த பஹ்ரைனி அதிகாரி சாந்தமானவர். இந்தி பேசுவார். முதல் பேரைப் படித்துவிட்டு அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மதுரை என்ற ஊரின் சிங்கம் என்றேன். அடுத்தது 'காதல் புயல்'. அதையும் சொன்னேன், கொஞ்சம் மெதுவாக. மூன்றாவதைக் கேட்காமல் தாளைத் திருப்பித் தந்தார். அந்த பிளாக்கில், அதாவது அந்த வட்டாரத்தில், குடியிருப்பவர்களின் சொந்தப் பேர், கையெழுத்து, சிபிஆர் என்கிற அடையாள அட்டை நம்பர், இவ்வளவும் வேண்டுமாம்.

"சிங்கம், புயல் எல்லாம் வேண்டாம் பாய். மனுஷங்க இருந்தா எழுதிட்டு வா."

பேர் மட்டும் வேண்டாம்

சொந்தப் பேரும் சிபிஆர் நம்பரும் அனுப்பும்படி குழுவில் எழுதினேன். குழு தொடங்கிய நாளிலிருந்து அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. ஒருநாள் முழுக்க நீக்குவதற்கு ஒரு சண்டைகூட வரவில்லை.

மறுநாள் சிங்கமே போன் செய்தார். மடலில் கர்ஜிக்கிறவருக்கு அவ்வளவு சன்னக் குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதே சந்தில்தான் குடியிருக்கிறாராம், ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசராம். மனுவில் பேர் இருப்பது விசா கொடுத்த கஃபீல் காதுக்குப் போனால், புகார் பண்ணுகிற ஆள் என்று அடுத்த வருஷம் விசா புதுப்பிக்காமல் விட்டுவிடுவாரோ என்று பயம். ஊரில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் வற்புறுத்தவில்லை.

"பேரை மட்டும் எடுத்துருங்க தம்பி. உணர்ச்சி அப்படியே இருக்கட்டும்."

முட்டைக்கு முன் கையெழுத்து

சந்து முனையில் கோல்டு ஸ்டோர் என்கிற சின்ன மளிகைக் கடை வைத்திருப்பவர் சதக் காக்கா. காயல்பட்டினத்துக்காரர், காக்கா என்றால் அங்கே அண்ணன். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர். குழுவில் வந்த அக்காவின் மடலை அச்செடுத்து, அடியில் கட்டம் போட்டு, அவர் கடைக் கதவில் ஒட்டினேன். வாசித்துவிட்டு முதல் கையெழுத்தை அவரே போட்டார். அதோடு நிற்கவில்லை. சாமான் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் பேனாவை நீட்டினார்.

சைட்டில் கம்பி கட்டுகிற ஒருவர் பேனாவை வாங்கிக்கொண்டு தயங்கினார். "காக்கா, கஃபீல் கேட்டா?"

"குழியில விழுந்தா உன் கஃபீலா வந்து தூக்கப் போறான்? கையெழுத்தைப் போட்டுட்டு முட்டையை எடு."

மூன்றாவது ஆள்

தாள் நிறைந்தது. நகராட்சி ஒரு நாள் குறித்தது. காலை ஏழு மணிக்கு ஆட்கள் மூடியோடு வருவார்கள். அந்த பிளாக்வாசிகள் மூன்று பேர் நேரில் இருந்து இடத்தைக் காட்டிக் கையெழுத்திட வேண்டும். குழுவில் அறிவித்தேன். முப்பது பேர் வருவதாக எழுதினார்கள்.

ஏழு மணிக்கு அக்கா இருந்தார், காக்கா இருந்தார். தாளில் கையெழுத்திட்ட மற்றவர்கள் விடியுமுன்பே டூட்டிக்குப் போய்விட்டார்கள். நான் வேறு பிளாக், என் கையெழுத்து செல்லாது. ஆட்களோடு பிக்கப்பில் வந்த நகராட்சி அதிகாரி கால் மணி நேரம் பொறுத்தார். பிறகு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று பிக்கப்பை எடுக்கச் சொன்னார். டிரைவர் "யல்லா, போகலாம்" என்று கதவைச் சாத்தினான்.

"நாளைக்கும் புள்ளைங்க இங்கதான் நிக்கும்" என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல்.

எதிர்ச்சாரியில் சீருடையும் ஹெல்மெட்டுமாக ஒருவர் கம்பெனி வேனுக்கு நின்றிருந்தார். வேன் வந்து ஹார்ன் அடித்தது. அவர் அதைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். பலகையைத் தூக்கிக் குழியின் ஆழத்தைப் பார்த்தார். மூடியைச் சுற்றிச் சிமென்ட் காயும்வரை தடுப்பு வைக்க வேண்டும் என்று அதிகாரியிடம் சொன்னார். சன்னக் குரல். எனக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து சிபிஆர் அட்டையை எடுத்துக் கொடுத்து, மூன்றாவது கட்டத்தில் கையெழுத்திட்டார்.

"இவரு எங்க மூணாவது மாடி தம்பி" என்றார் அக்கா என்னிடம். "வணக்கம்கூட வாய்க்குள்ளதான் சொல்வாரு."

மூடி உட்கார்ந்தது, தடுப்பும் வந்தது. பிக்கப் போனது. காக்கா கடை திறக்கப் போனார். அக்கா மாடியேறிவிட்டார். அவர் மட்டும் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி என் பக்கத்தில் வந்தார்.

"குழுவுல இதை எழுதுவீங்கல்ல தம்பி? சிங்கம்னே போட்டுருங்க."

சொல்லிவிட்டு, பஸ் பிடிக்க விடுவிடுவென்று நடந்து சந்து முனையில் மறைந்தார்.

சக மட்டுறுத்துநர்களே, உங்கள் குழுவிலும் ஒரு சிங்கம் இருக்கும், அதனிடம் பேரைக் கேட்டுத் தொந்தரவு செய்யாமல் இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லி வையுங்கள்.